தம்பியின் நடையைத் திருத்தினேன்

யுத்தம் முடிந்து நான் பட்டணம் திரும்பிய அன்று, மாம்பலம் ஸ்டேஷனுக்குத் தம்பி வந்திருந்தான். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு வந்தான். பல வருஷம் கழித்துப் பார்க்கிறேன். மீசை அரும்பியிருந்தது, தோள் அகன்றிருந்தது, அப்பாவின் ஜாடை வந்திருந்தது. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் கவனித்தேன். அப்போது என் கண்ணில் பட்டது ஒன்றுதான். வலது கால் குட்டை. ஓர் அங்குலம் இருக்கும்.

"நல்லா இருக்கியாடா" என்று கேட்பதற்கு முன்னால், "எப்போலேருந்து இப்படி நடக்கிறே?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் சுண்டிப் போனது. என் டிரங்குப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். பாரத்தோடு எப்படி நடக்கிறான் என்று பார்த்துக்கொண்டே நான் பின்னால் போனேன்.

நான் வெளியூரில் இருந்தபோது மவுண்ட் ரோடில் மிலிட்டரி லாரி ஒன்று அவன் சைக்கிளை இடித்துத் தள்ளியது, தொடை எலும்பு முறிந்தது என்று தகவல் வந்திருந்தது. இப்போது தேவலை என்றும் சொல்லியிருந்தார்கள். முறிந்த எலும்பு ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கூடிவிட்டது, கால் குட்டையாகிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நான் வைத்தியம் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்தார்களோ என்னவோ. பயந்திருந்தால் அது நியாயமான பயம்தான்.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் என் வேலை, அடிபட்டு வந்த சிப்பாய்களை மறுபடி நடக்க வைப்பது. மருந்து கொடுக்கிறவனும் இல்லை, கத்தி பிடிக்கிறவனும் இல்லை. அவர்களெல்லாம் கை கழுவிக்கொண்டு போன பிறகு வருகிறவன். இறுகிப்போன தொடையை உருவிவிடுவேன். மடங்காத முழங்காலை மடக்கிப் பழக்குவேன். பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஆளை நிறுத்தி, நடக்கச் சொல்லி அதட்டுவேன்.

நடப்பதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. அதை யோசிப்பது எங்கள் பிழைப்பு. குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். அங்கிருந்து பாரம் பாதத்தின் வெளி ஓரமாக உருண்டு முன்னே போய்ப் பெருவிரலில் முடிய வேண்டும்; கடைசியில் ஆளை முன்னே தள்ளிவிடுவது பெருவிரல்தான். இதற்கு நடுவில் ஒரு கணம் உடம்பு முழுவதும் ஒற்றைக்காலில் நிற்கிறது. அந்தக் கணத்தில் இடுப்பின் பக்கத்துத் தசை இழுத்துப் பிடிக்காவிட்டால் மறுபக்கம் தொங்கிப்போகும். அதனால் நடையில் கோளாறு என்றால் எங்கள் கண் காலுக்குப் போகாது, இடுப்புக்குப் போகும். இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை நிறுத்தி வைக்கத்தான் தெரியவில்லை. உஸ்மான் ரோடில் எதிரே வருகிறவர்கள் எனக்கு ஆட்களாகத் தெரிய மாட்டார்கள். ஒருவருக்கு இடது முழங்கால் பூட்டிக்கொள்கிறது, இன்னொருவருக்குப் பெருவிரல் வேலையே செய்யவில்லை என்றுதான் மனசு சொல்லிக்கொண்டு வரும். ஒரு முறை பஸ்ஸுக்கு நின்ற பெரியவர் ஒருவரிடம், உங்கள் வலப்பக்க இடுப்பு இறங்குகிறது என்று நானே போய்ச் சொன்னேன். அவர் அவசரமாக வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னை முறைத்தார்.

ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் அதே வேலை கிடைத்தது. அம்மா தெருவில் கேட்கிறவர்களிடமெல்லாம், "ஆஸ்பத்திரியில கீறான், வெள்ளைக் கோட்டு போட்டுக்கினு போறான்" என்று சொல்வாள். கோட்டைப் போட்டுக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்ல மாட்டாள். ஊரார் காலைத் தேய்த்துவிடுகிற பிள்ளை என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். எனக்கு மட்டும் கூச்சமில்லையா என்ன? நானும் சொல்ல மாட்டேன்.

தம்பி தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், குணம் தங்கம். ஆனால் பெண் கேட்டுப் போன இடங்களிலெல்லாம் பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. யாராவது புடவை எடுக்கிற சாக்கில் கடைக்கு வந்து, அவன் எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்புறம் தரகர் வந்து ஜாதகம் சேரவில்லை என்பார். கடைசியாக ஒரு வீட்டில் அதைக்கூடச் சொல்லாமல், நொண்டிக்குக் கொடுக்க மனசில்லை என்று பட்டென்று சொல்லி அனுப்பினார்கள். அன்று அம்மா சாப்பிடவில்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஊருல கீறவங்க காலெல்லாம் நீ சரி பண்றே. கூடப் பொறந்தவனுக்கு இன்னாடா பண்ணே?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பண்ணிக் காட்டுகிறேன் என்றேன்.

தம்பி அதுவரை தனக்கென்று ஒரு நடை வைத்திருந்தான். வலது குதிகாலைத் தரையில் வைக்கவே மாட்டான். முன்பாதத்தில் ஊன்றி நிற்பான். குறைந்துபோன அங்குலத்தை அதில் ஈடு செய்துகொள்வான். லாரி இடித்துப் படுக்கையிலிருந்து எழுந்த பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் உடம்பே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. எங்கள் பாடத்தின்படி அது தப்பு. குதிகால் படாத நடை நடையே இல்லை. கெண்டைக்கால் இறுகும், முதுகு வளையும், நாற்பது வயசில் படுத்துவிடுவான் என்று சொல்லி நான் அவனைப் பயமுறுத்தினேன்.

தக்கை வாங்கி, குறைந்துபோன ஓர் அங்குலத்துக்கு ஈடாக நானே சீவினேன். சைதாப்பேட்டையில் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து, கயிறு கட்டுகிற பூட்ஸ் ஜோடி ஒன்றில் வலது காலுக்கு மட்டும் பாதி உள்ளேயும் பாதி அடியிலுமாக வைத்துத் தைக்கச் சொன்னேன். வெளியே பார்த்தால் தெரியாது. ஆடி மாசம்; பெண் பார்க்க யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஒரு மாசம் போதும் என்று கணக்குப் போட்டேன்.

பழகுவதற்காக நாள் முழுவதும் பூட்ஸ் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றேன், வீட்டுக்குள்ளும்கூட. எங்கள் வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டியதே கிடையாது. அம்மா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வைத்தியம்தானே என்று சாமி அலமாரியை மட்டும் பழைய புடவையால் மூடிவிட்டு ஒப்புக்கொண்டாள். ஒரு வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் அது சகஜமாகிவிட்டது. தம்பி பூட்ஸோடு மணையில் உட்கார்ந்து சாப்பிடுவான். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம்.

கூடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அவனை நடக்க வைத்தேன். குதிகால், ஓரம், பெருவிரல். குதிகால், ஓரம், பெருவிரல். பழைய ஞாபகத்தில் அவன் முன்பாதத்தில் ஊன்றினால் மர ஸ்கேலால் கெண்டைக்காலில் தட்டுவேன். சில நாள் பலமாகவே தட்டினேன். இப்போது நினைத்தால் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என் கால் மாதிரியே இல்லை அண்ணா" என்பான்.

"பழகிடும்" என்பேன். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சொல்கிற பதில்தான்.

பழகித்தான் போயிற்று. ஆடி முடிவதற்குள் உஸ்மான் ரோடு நெடுக என் தம்பி சாயாமல் நடந்தான். இடுப்பு மட்டமாக நின்றது. அம்மா கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போட்டாள். நான் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம்கூடச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆவணியில் மயிலாப்பூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணின் தகப்பனார் வக்கீல் குமாஸ்தா. நல்ல நாள் பார்த்து, அம்மா, தம்பி, நான், மூன்று பேரும் ஜட்கா வண்டியில் கிளம்பினோம். வழியில் அம்மா என் பக்கம் குனிந்து சொன்னாள்:

"தரகரு பொண்ணைக் கோயிலாண்ட பார்த்தேன்னு, கடையாண்ட பார்த்தேன்னு சொல்றதெல்லாம் நம்பக் கூடாது நைனா. பொண்ணை நடக்கச் சொல்றேன். நீதான் நடை பாக்கறவன் ஆச்சே, கண்ணை வெச்சுக்கினு நல்லா பாரு. கால்ல கீல்ல ஊனம் இருந்து நாம ஏமாந்துறக் கூடாது."

அந்த நாளில் பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்வதும் நடக்கச் சொல்வதும் எல்லார் வீட்டிலும் உண்டு. நடையில் ஊனம் தெரிந்துவிடும், பாட்டில் திக்குவாய் தெரிந்துவிடும். அம்மா சொன்னது எனக்குக் கொஞ்சமும் வினோதமாகப் படவில்லை. சரி என்றேன். எதிரே தம்பி, துடைத்துப் பளபளவென்று மின்னிய பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் எதுவும் தோன்றவில்லை.

மாட வீதியை ஒட்டிய சந்தில் வீடு. தகப்பனார் வாசலிலேயே கைகூப்பி நின்றார். அம்மாவுக்குச் செருப்புப் போடுகிற வழக்கமில்லை. நேராக உள்ளே போய்விட்டாள். நான் பேசிக்கொண்டே கால் செருப்பை உதறிவிட்டு இரண்டாவது படியில் ஏறினேன்.

"அண்ணா" என்று பின்னாலிருந்து தம்பி கூப்பிட்டான்.

திரும்பினேன். அவன் கீழ்ப் படியிலேயே நின்றுகொண்டிருந்தான். பூட்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பை விடுகிறவர்கள் நாங்கள். ஒரு மாசம் பூட்ஸோடு வீட்டுக்குள் நடந்ததில் மூன்று பேருக்கும் புத்தி மழுங்கிவிட்டது. கூடத்துக்கு அப்பால் சாமி விளக்கு எரிவது வாசலிலிருந்தே தெரிந்தது. போட்டுக்கொண்டு வரட்டுமா என்று எந்த வாயால் கேட்பது?

"கயிறு கட்டற பூட்ஸாச்சே. நிதானமா அவிழ்த்துட்டு வாங்க தம்பி" என்றார் பெண்ணின் தகப்பனார்.

அவன் குனிந்து அவிழ்த்தான். அந்தக் கயிறு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. பிறகு வெறுங்காலோடு படியேறினான்.

நீளக் கூடம். எதிர்ச் சுவரை ஒட்டி அவனுக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சாமானும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு தூண்கூட இல்லை. பழைய நடை இருந்திருந்தால் முன்பாதத்தில் ஊன்றி, கொஞ்சம் தாங்கினாற்போலப் போய் உட்கார்ந்திருப்பான். பாதி பேர் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். அந்த நடையை ஸ்கேலால் தட்டித் தட்டி நான் அழித்திருந்தேன். இப்போது அவன் கால் நான் சொல்லிக்கொடுத்தபடி குதிகாலைத் தேடித் தேடிக் கீழே போயிற்று. தக்கை இல்லாத இடத்தில் தரை ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வலது பக்கம் குழிக்குள் விழுவதுபோல விழுந்து எழுந்தது. நடுக் கூடத்தில் தடுமாறிக் கையை வீசினான். லாரி இடித்து எழுந்த புதிதில்கூட அவன் அப்படி நடந்திருக்க மாட்டான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டுச் சட்டென்று நின்றது.

"பார்த்து தம்பி, தரை வழவழன்னு இருக்கும்" என்று தகப்பனார் ஓடிவந்து கையைப் பிடித்தார். அந்த நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க, நேத்து கொழாயாண்ட வழுக்கி சுளுக்கிக்கிச்சு. எம் பெரியவன் ஆஸ்பத்திரியில கீறான் இல்ல? அவன்தான் உருவிவுட்டான்."

தகப்பனார் என் பக்கம் திரும்பினார். சந்தேகப்பட்டு அல்ல, கவலைப்பட்டுத்தான் கேட்டார். "சுளுக்குதானுங்களே?"

"சுளுக்குதான்" என்றேன். என் தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது. அதுவும் ஆஸ்பத்திரிக் குரலிலேயே சொன்னேன்.

பெண் வந்தாள். ரேஷன் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக் கேசரி கிளறியிருந்தார்கள். தட்டுகளைக் கொடுத்து நமஸ்காரம் பண்ணிவிட்டுத் தன் அம்மா பக்கத்தில் நின்றாள். நடந்ததை மூடிமறைக்க வேண்டும் என்ற பதற்றமோ, இல்லை வழக்கத்தை விடக் கூடாது என்ற பிடிவாதமோ, அம்மா தொண்டையைக் கனைத்தாள்.

"பொண்ணைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, எல்லா வூட்லயும் கேக்கறதுதானே. எம் புள்ளை பார்த்துச் சொல்லிடுவான்."

என் காது சுட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேசரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். தகப்பனார் முகம் இறுகியது. ஆனால் பெண்ணைப் பெற்றவர். மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அவள் நடந்தாள். நான் குனிந்துகொண்டேன். குனிந்தாலும் கண்ணில் கால்தான் பட்டது. குதிகால், ஓரம், பெருவிரல். எத்தனை அழகான நடை! என் கண் தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதை நினைத்து எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் பாதி தூரம் போவதற்குள் தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"சுளுக்கு இல்லீங்க" என்றான். "என் கால் குட்டை. லாரி இடிச்சுது, எலும்பு ஏறிக்கிச்சு. அண்ணன் பூட்ஸுக்குள்ள தக்கை வெச்சுக் குடுத்தாரு. அது வாசல்ல கீது. அவங்களை நடக்கச் சொல்லாதீங்கம்மா."

அவள் நின்றாள். திரும்பி அவனைப் பார்த்தாள். அப்புறம் மீதி தூரத்தை நடக்காமல், யாரையும் கேட்காமல், பாயில் போய் உட்கார்ந்தாள்.

தகப்பனார் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ சுளுக்குன்னு சொன்னீங்களே?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சொல்லி அனுப்புகிறோம் என்று அவர் எழுந்துகொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும்போது ஜட்காக்காரர் மட்டும் குதிரையோடு பேசிக்கொண்டு வந்தார்.

ஆனால் தரகர் வந்தார். வந்தவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"புடிச்சுப் போச்சுங்களாம். பொண்ணே வாயைத் திறந்து சொல்லிச்சாம், எனக்காக எழுந்து நின்னாரு, அவரையே முடிச்சுடுங்கன்னு." அம்மா அழ ஆரம்பித்தாள். தரகர் வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "பொண்ணோட அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீங்க கோவிச்சுக்கக் கூடாது. மேற்கொண்டு பேச்சுக்கெல்லாம் அம்மா வந்தாப் போதுமாம், இல்லேன்னா தாய்மாமன் யாராச்சும் வரட்டுமாம்."

அப்பா இல்லாத வீட்டில் அப்பா ஸ்தானத்தில் நிற்க வேண்டியவன் நான். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பேச்சு வார்த்தைக்குத் தாய்மாமன் போனார். எனக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டேன்.

முகூர்த்தம் குறித்த பிறகு ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தேன். தம்பி கொல்லையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். துவைக்கிற கல்லிலிருந்து சுவர் வரைக்கும் போவான், திரும்புவான். மயிலாப்பூர்க் கூடத்தில் நடந்த அதே நடை. விழுந்து விழுந்து எழுகிற நடை. என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வேர்த்திருந்தது.

"மணவறையைச் சுத்தி வரணும் அண்ணா. அவங்க கையைப் புடிச்சுக்கினு. பூட்ஸ் போட்டுக்க முடியாது."

"நாள் இருக்கு" என்றேன்.

"முன்னாடி நான் எப்படி நடந்தேன்? ஆடிக்கு முன்னாடி. இந்த மாதிரி விழ மாட்டேன் இல்ல? எவ்வளவோ யோசிச்சுப் பாக்கறேன், காலுக்கு வர மாட்டேங்குது. நீ பாத்தியே, சொல்லு."

முன்பாதத்தில் ஊன்று என்றேன். ஊன்றினான். ஓர் அடி வைத்ததும் முழங்கால் மடங்கித் துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டான்.

"அது மட்டும் இல்லை. அதோட வேற இன்னாமோ பண்ணுவேன்."

முழங்காலைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துப் பார் என்றேன். இல்லை என்றான். இடது தோளை இறக்கிப் பார் என்றேன். அதுவும் இல்லை. கையை வீசுவாயோ? அடியை எட்டி வைப்பாயோ? ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு, அடுத்தது என்ன என்று என் முகத்தைப் பார்த்தான்.

நினைத்து நினைத்துப் பார்த்தேன். கூடத்தில், தெருவில், கடை வாசலில் எத்தனையோ நாள் அவன் என் எதிரே நடந்திருக்கிறான். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அதில் எது எது தப்பு என்பது மட்டும்தான்.

"எனக்குத் தெரியலைடா" என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லிலிருந்து மறுபடியும் நடக்க ஆரம்பித்தான்.